கள்ளப் பிரதி கற்பித்த வாணிபம்

கணினி விளையாட்டு என்றதும் முகஞ் சுளிக்கும் ஆசிரியர் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே நாமும். மாணவரின் பொழுதை விழுங்கும் கேளிக்கை என்ற அளவில் அதனை ஒதுக்கிவிடுவதே எம்மிடையே வழக்கம். ஆயினும் அக்கேளிக்கையின் பின்னால் ஒரு பெரிய வாணிபம் நிற்கின்றது. கடந்த நாற்பது ஆண்டுகளில் அவ்வாணிபம் எடுத்த வடிவங்களை நோக்குமிடத்து, உடைமை என்பது பற்றி எமது பாடநூல்கள் சொல்லாத சில செய்திகள் புலப்படுகின்றன. அவ்வடிவங்களிற் பலவற்றைத் தோற்றுவித்தது கள்ளப் பிரதியே என்பதை எடுத்துக் காட்டுவதே இங்கு எமது நோக்கம்.

ஒரு மூடை நெல்லைக் களவெடுத்தால் உடையவனிடத்தில் ஒரு மூடை குறைகின்றது. ஒரு விளையாட்டைப் பிரதி எடுத்தால் உடையவனிடத்தில் ஒன்றுங் குறைவதில்லை. விற்றிருக்கக்கூடிய ஒன்று விற்காமற் போகலாம், அவ்வளவே. முதற் பிரதியை ஆக்குவதற்குத் தொழிலாளர் பலர் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர். இரண்டாவது பிரதிக்கு ஆகும் செலவோ ஏறக்குறைய ஒன்றுமில்லை. இம்முரண்பாட்டை வேலியிட்டுத் தீர்த்துவிடலாமென்றே நிறுவனங்கள் முதலில் எண்ணின. 1976ஆம் ஆண்டிலேயே பில் கேற்ஸ், தமது நிறுவனம் ஆக்கிய பேசிக் நிரலைப் பணங் கொடாது பிரதி செய்த கணினி ஆர்வலரைத் திருடரெனக் கடிந்து பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதினார். 1980களில் விளையாட்டு நிறுவனங்கள் கையாண்ட பூட்டுக்கள் இன்று நகைப்பைத் தருவன. கைநூலின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில் உள்ள சொல் யாது என்று திரையிலே கேட்பார்கள். நூல் இல்லாதவன் மேலே செல்ல முடியாது. கைநூலையும் சேர்த்துப் போட்டோப் பிரதி எடுப்பதற்கு எத்தனை நாள் சென்றிருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

வேலியை விட்டு வேறு வழி கண்டோரும் உளர். 1993 டிசெம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ‘டூம்’ என்ற விளையாட்டின் முதற் பகுதியை யாரும் இலவசமாகப் பிரதி எடுத்து யாருக்குங் கொடுக்கலாம். எஞ்சிய இரு பகுதிகளுக்கே விலை. கைக்குக் கை மாறிய பிரதியே விளம்பரமாயிற்று. பிரதி செய்வோரைச் சம்பளமில்லாத முகவர்களாக்கிய கெட்டித்தனம் இது.

போலந்தின் கதை இதனினும் சுவையானது. அந்நாட்டில் 1994இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை கணினி நிரல்களுக்குத் தெளிவான பாதுகாப்பு இருக்கவில்லை. வார்சா நகரத்துக் கணினிச் சந்தையில் மேல்நாட்டு விளையாட்டுக்களின் பிரதிகள் பகிரங்கமாகவே விற்கப்பட்டன. அச்சந்தையில் விற்றுப் பழகிய இளைஞர்களே மார்சின் இவின்ஸ்கியும் மிஹாவ் கிச்சின்ஸ்கியும். பள்ளித் தோழர்களான இவ்விருவரும் 1994இல் சீடீ ப்ரொஜெக்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். சட்டம் வந்துவிட்டது, ஆனாற் சந்தை மாறவில்லை. கள்ளப் பிரதி வாங்குவோரைப் பொலிசுக்குக் காட்டிக்கொடுப்பதில் பயனில்லை என்பது, அச்சந்தையிலேயே நின்றவர்கள் ஆதலால், இவ்விருவருக்கும் நன்கு தெரிந்திருந்தது. சந்தைக்காரன் கொடுக்க முடியாத எதனை நாம் கொடுக்கலாம் என்றே அவர்கள் சிந்தித்தனர். 1999இல் ‘பால்டர்ஸ் கேற்’ என்ற விளையாட்டை முற்றாகப் போலிஷ் மொழியிற் பெயர்த்து, நாடறிந்த நடிகர்களைக் கொண்டு பேச வைத்து, நிலப்படமும் கைநூலுஞ் சேர்த்துப் பெரிய பெட்டியில் வெளியிட்டனர். அது ஐந்து இறுவட்டுக்களில் அடங்கிய விளையாட்டாதலாற் கள்ளப் பிரதிக்கும் ஐந்து வட்டுக்களின் விலை வேண்டியிருந்தது. வாங்குவோன் இரண்டையும் ஒப்பிட்டான், அசலை வாங்கினான். எமக்கு இதில் முக்கியமாகத் தோன்றுவது மொழிபெயர்ப்பே. தன் தாய்மொழியில் தன்னோடு பேசிய பண்டத்துக்குப் போலந்துக்காரன் பணங் கொடுத்தான். ஆங்கிலமே கதியென்று கிடக்கும் எமது மாணவரை நினைக்கும்போது இச்செய்தி எம்மைச் சிறிது சுடவே செய்கின்றது.

இதே நிறுவனம் 2008இற் பழைய விளையாட்டுக்களை எவ்விதப் பூட்டுமின்றி இணையத்தில் விற்கத் தொடங்கியது. பூட்டு, வாங்கியவனையே வருத்துகின்றது. கள்ளப் பிரதி எடுத்தவனுக்கோ பூட்டுடைத்த பிரதி கிடைக்கின்றது என்பது அவர்களது வாதம். மறுக்கவியலாத வாதந்தான். எனினும் 2011இல் தாமே ஆக்கிய ‘விச்சர் 2’ வெளிவந்தபின், ஜெர்மனியிற் பிரதி இறக்கியவர்களெனச் சந்தேகிக்கப்பட்டோர்க்குப் பணங் கேட்டுச் சட்டத்தரணிகள் மூலங் கடிதம் அனுப்பியதும் இந்நிறுவனமே. கண்டனம் எழுந்ததும் 2012 ஜனவரியில் அதனை நிறுத்திக்கொண்டது. சந்தையில் நின்றவன் கடை முதலாளியானால் அவனுக்கும் அந்தக் குணம் வந்து சேர்கின்றது போலும்.

இன்று உலகெங்கும் பரவியுள்ள வழியோ போலந்தினின்று வந்ததன்று, கிழக்காசியாவினின்று வந்தது. தென்கொரியாவிலும் சீனத்திலும் பெட்டியில் அடைத்து விற்கப்பட்ட விளையாட்டுக்களின் சந்தையைக் கள்ளப் பிரதி பெரும்பாலும் விழுங்கிவிட்டது. அங்குள்ள நிறுவனங்கள் கண்ட உபாயம் எளியது. விளையாட்டைத் தம் கணினியிலேயே வைத்துக்கொண்டு, அதனுள் நுழையும் அனுமதியை மாத்திரம் விற்பது. 1996இல் நெக்சன் நிறுவனமும், 1998இல் ‘லினேஜ்’ மூலம் என்சிசொஃப்ற் நிறுவனமும் இவ்வழியிற் சென்றன. 1997இன் நிதி நெருக்கடிக்குப் பின் கொரியாவிற் பெருகிய ‘பீசீ பாங்’ எனப்படும் இணைய நிலையங்கள் இவற்றுக்குக் களமாயின. விளையாடுவோன் கையிலுள்ள வட்டு வாயிற்கதவு மட்டுமே, வீடு நிறுவனத்தினுடையது. கதவைப் பிரதி எடுத்து என்ன பயன்?

2001இற் சீனத்து ஷாண்டா நிறுவனம் ‘மிர் 2’ என்ற கொரிய விளையாட்டைக் கொணர்ந்து, விளையாடும் நேரத்தை முற்கட்டண அட்டைகளாக விற்றது. அப்பொழுதும் கள்ளப் பிரதி ஓயவில்லை. 2002இல் இத்தாலியினின்று அவ்விளையாட்டின் மூல நிரல் கசிந்தது. வீட்டையே பிரதி செய்து, மலிவான நுழைவுச் சீட்டு விற்கும் கள்ளக் கணினிகள் சீனமெங்கும் முளைத்தன. ஷாண்டா 2005இன் இறுதியில் நுழைவுக் கட்டணத்தையே நீக்கியது. விளையாட்டு இலவசம், வாளுக்கும் கவசத்துக்குமே விலை. இலவசமான பொருளை அதனினும் மலிவாக விற்கக் கள்ளனாலும் இயலாதன்றோ?

இவ்விடத்திற் சற்றுத் தரித்து நிற்க விரும்புகின்றோம். பணமில்லாதவன் இலவசமாக விளையாடுகின்றான், பணமுள்ளவன் வாள் வாங்குகின்றான், இதில் யாருக்கு நட்டம் என்று கேட்கலாம். விலையுயர்ந்த வாளை வாங்கியவன் வெட்டி வீழ்த்துவதற்கு ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களே இலவசமாக விளையாடுவோர். அவர்கள் கொடுக்கும் விலை பணமன்று. தோல்வியும் பொழுதுமே அவ்விலை. 2006இற் சீனத்தில் வந்த ‘ஸெங்து’ போன்ற விளையாட்டுக்கள், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத புதையற் பெட்டிகளைத் திறப்பதற்குக் காசு வாங்கும் முறையை வளர்த்தன. மேல்நாட்டு நிறுவனங்களும் பின்னர் அதனைத் தழுவிக்கொண்டன. இத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டமென்று 2018இற் பெல்ஜியம் தீர்மானித்தது. கள்ளப் பிரதியைத் தடுக்கப் புறப்பட்ட பாதை சூதாட்டக் கொட்டகையிற் போய் முடிந்தமை வேடிக்கையென்று சிரித்துவிட எம்மால் முடியவில்லை. எமது வகுப்பறைகளில் இருப்போரே அப்பெட்டிகளைத் திறக்கின்றனர்.

மேல்நாடுகளில் வால்வ் நிறுவனம் 2003இல் ஸ்டீம் என்ற இணையக் கடையைத் திறந்தது. கள்ளப் பிரதி பெரும்பாலும் விலையினால் எழும் பிரச்சினையன்று, சேவைக் குறையினால் எழுவது என்பது அதன் தலைவர் கேப் நியூவெல் 2011இற் சொன்ன கருத்து. ருஷ்யாவை உதாரணங் காட்டினார். கள்ளப் பிரதிக்காரரின் நாடென்று பிறர் கைவிட்ட அத்தேசம் தமக்கு நல்ல சந்தையாயிற்று என்றார். ருஷ்ய மொழிபெயர்ப்பு உரிய காலத்திற் கிடைத்தது என்ற அளவில் அது உண்மை. ஆயின் விலை பொருட்டன்று என்பதை நாம் ஏற்பதற்கில்லை. பேராதனையில் நாம் தமிழ் படித்த காலத்தில் விடுதியில் எவரிடமும் அசல் விளையாட்டு ஒன்று இருந்ததாக நினைவில்லை. கண்டியில் வாங்கிய, பேனையாற் பெயரெழுதிய ஒற்றை இறுவட்டு அறை அறையாகச் சுற்றிவரும். ஸ்டீம் கடையில் இலங்கை ரூபா இல்லை. விலை டொலரிலேயே காணப்படும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் அவ்வாண்டிலேயே 360ஐத் தாண்டியது. 60 டொலர் விளையாட்டொன்றின் விலையை எமது சம்பளத்தோடு வைத்துப் பார்ப்பதற்குப் பொருளியல் ஆசிரியர் வேண்டியதில்லை. எவ்வளவு சிறந்த சேவையும் இல்லாத பணத்தை உண்டாக்காது.

பணம் உள்ளவனாவது நிம்மதியாக விளையாடினானா? 2012 மே மாதம் ‘டயப்லோ 3’ வெளிவந்தபோது, தனியாக விளையாட விரும்பியவனுங்கூட நிறுவனத்தின் கணினியோடு ஓயாது தொடர்பு கொண்டிருக்க வேண்டுமென்று விதித்தனர். முதல் நாளன்று கணினிகள் தாங்கவில்லை. பணங் கொடுத்தோர் ‘பிழை 37’ என்ற அறிவிப்பைப் பார்த்தபடி வாயிலில் நின்றனர். அடுத்த ஆண்டு ‘சிம்சிற்றி’க்கும் அதே கதி. இணையமின்றி அதனை இயக்குவது இலேசான காரியமன்று என்று சாதித்த நிறுவனம் 2014இல் இணையமின்றியே இயங்கச் செய்து காட்டியது.

பழந்தமிழ் நூல்கள் அச்சேறிய வரலாற்றை உயர்தர வகுப்பிற் படிப்பித்துக்கொண்டிருந்தோம். 1887இற் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்ததையும், பலர் படி எடுத்து வைத்த ஏடுகள் இல்லையேல் அது இயலாதென்பதையும் சொன்னோம். “சேர், அப்ப ஏட்டைப் பாத்துக் கொப்பி பண்ணின ஆக்களும் கள்ளரோ?” என்று பின் வாங்கிலிருந்து ஒரு குரல் எழுந்தது. வகுப்புச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. கேட்டவன் கணினி விளையாட்டிலேயே ஊறியவன். அவன் எதைக் கேட்கின்றான் என்பது எமக்கு விளங்கிற்று. படி எடுத்தவர் எவர் பிழைப்பையுங் கெடுக்கவில்லை, இன்று பிரதி எடுப்பவன் தொழிலாளியின் கூலியிலும் கை வைக்கக்கூடும் என்று விளக்கினோம். விளக்கம் சரியானதே, சிறு குழுக்களாக இருந்து விளையாட்டு ஆக்குவோர் கள்ளப் பிரதியால் நொந்திருப்பதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் அவன் வினாவின் மற்றப் பாதி விடையின்றியே நின்றது. ஏடு ஒருவர் வீட்டிற் செல்லரித்தாலும் இன்னொருவர் வீட்டில் இருந்தது. நிறுவனத்தின் கணினியில் மாத்திரம் இருக்கும் விளையாட்டுக்கு இன்னொரு வீடு ஏது?

இது வெறுங் கற்பனை அச்சமன்று. யூபிசொஃப்ற் நிறுவனம் 2014இல் விற்ற ‘த க்ரூ’ என்னும் மோட்டார்ப் பந்தய விளையாட்டைத் தனியாக விளையாடுவதற்கும் நிறுவனத்தின் கணினி வேண்டும். 2024 மார்ச் 31இல் அக்கணினிகள் நிறுத்தப்பட்டன. பணங் கொடுத்து வாங்கியவரின் அலுமாரியில் வட்டு இருந்தது, விளையாட்டு இல்லை. இதனை எதிர்த்து ஐரோப்பாவில் தொடங்கிய மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். 2025 தொடக்கம் கலிபோர்னியாவில், மீளப் பறிக்கக்கூடிய அனுமதியொன்றை ‘வாங்குக’ என்று சொல்லி விற்பதாயின், அது அனுமதி மாத்திரமே என்பதைத் தெளிவாக அறிவிக்க வேண்டுமெனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டம் சொல்லை மாத்திரமே திருத்தியது. பண்டத்தைத் திருப்பித் தரவில்லை. இதற்கிடையில் ‘த க்ரூ’வின் அபிமானிகள் சிலர், நிறுத்தப்பட்ட கணினி செய்த வேலையைத் தம் நிரலாற் செய்வித்து, 2025இல் அதனை மீண்டும் ஓட வைத்திருக்கின்றனர். அதற்காக அவர்கள் எவரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை.