சாம்பல் குளமும் இயக்குநர் நாற்காலியும்

பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி ஆண்டுதோறும் பெரிய கம்பெனிகளிடம் பிஆர்எஸ்ஆர் என்றோர் அறிக்கை கேட்டு வாங்குகிறது. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் இருக்கும் நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டு முதல் இது கட்டாயம். அதன் தொடக்கப் பகுதியில் ஒரு சின்ன அட்டவணை: இயக்குநர் குழுவில் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை, சதவீதம் என்ன. பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனால் தண்ணீர், புகை, கழிவு என்று வேறு அட்டவணைகள் வரும். முதல் அட்டவணையில் எண் கூடினால் பின்னால் வரும் அட்டவணைகள் தானாக நேர்மையாகிவிடும் என்ற பேச்சு இப்போது மேடைதோறும் கேட்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

*

பெண்கள் அந்த நாற்காலிகளுக்கு வரவேண்டும். அதில் மறுபேச்சே கிடையாது. 1956-இல் தொடங்கிய அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசிக்கு ஒரு பெண் தலைவர் கிடைக்க 2022 ஜனவரி வரை ஆனது. அப்போது தலைவரான அல்கா மித்தலுக்குக் கிடைத்ததும் கூடுதல் பொறுப்புதான். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே பணி ஓய்வு. அதற்கு முன் 2014-இல் நிஷி வாசுதேவா எச்பிசிஎல் தலைவரானார். சட்டம் பிடரியைப் பிடித்துத் தள்ளியிராவிட்டால் பல குழுக்களில் இன்றும் ஒரு பெண்கூட இருந்திருக்க மாட்டார். 2013 கம்பெனிகள் சட்டம் குறிப்பிட்ட வகைக் கம்பெனிகளுக்கு ஒரு பெண் இயக்குநரைக் கட்டாயமாக்கியது. முதல் ஆயிரம் நிறுவனங்களில் ஒரு பெண் சுயேச்சை இயக்குநராவது இருக்கவேண்டும் என்பது 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நார்வே 2008-லேயே பொதுப் பங்கு நிறுவனங்களில் 40 சதவீதத்தை எட்ட வைத்தது.

ஆனால் இதற்குச் சொல்லப்படும் காரணம்தான் உறுத்துகிறது. பெண் தாய்மை உள்ளம் கொண்டவள், ஆற்றையும் காற்றையும் காப்பாள் என்கிறார்கள். படிப்பும் அனுபவமும் இருக்கிறது, ஆகவே பதவி அவருடைய உரிமை, அவ்வளவு போதும். ஆண்கள் அறுபது ஆண்டு கொட்டிவைத்த சாம்பலை அள்ளுவதற்காக அவரை அழைப்பதுபோல் பேசுவது கௌரவமல்ல, சுமை.

*

சாம்பலுக்கே ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்காவின் வட கரோலினாவில் டான் ஆறு. 2014 பிப்ரவரி 2. டியூக் எனர்ஜி என்ற மின் நிறுவனம் 2012-லேயே மூடிவிட்ட அனல்மின் நிலையம் ஒன்று ஈடன் என்ற ஊரில் ஆற்றங்கரையில் நின்றது. நிலையம் மூடப்பட்டாலும் சாம்பல் குளம் அப்படியே கிடந்தது. குளத்தின் அடியில் மழைநீர் வடிவதற்காக எப்போதோ புதைத்த தகரக் குழாய். அது உள்ளுக்குள் துருப்பிடித்து உடைந்தது. ஏறக்குறைய 39,000 டன் சாம்பல் ஆற்றுக்குள் போய், 70 மைல் தூரம் கீழ்நோக்கிப் படிந்தது.

இதில் என்னால் கடந்துபோக முடியாத விவரம் ஒன்று உண்டு. அங்கிருந்த குழாய்களுக்குள் காமிரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று நிலையத்து ஆட்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே பணம் கேட்டிருந்தார்கள். கேட்டது சுமார் 20,000 டாலர், கிடைக்கவில்லை. 2015 மே மாதம் கம்பெனியின் துணை நிறுவனங்கள் தூய நீர்ச் சட்டத்தின் கீழ் ஒன்பது குற்றங்களை ஒப்புக்கொண்டு, அபராதமும் சுற்றுச்சூழல் பணிகளுக்கான தொகையுமாக 10.2 கோடி டாலர் தர உடன்பட்டன.

அப்போது டியூக்கின் தலைமை நிர்வாகி லின் குட். 2013 ஜூலையில் பொறுப்பேற்ற பெண். பணம் மறுக்கப்பட்டது அவர் தலைவராவதற்கு முன்பு. அந்தப் பழியை அவர்மேல் போடுவது நியாயமில்லை. அதேபோல, அவர் தலைமையில் இருந்ததால் சாம்பல் அள்ளப்பட்டது என்று சொல்வதற்கும் இடமில்லை. மற்ற குளங்கள் தொடர்பாகக் கம்பெனி ஆண்டுக்கணக்காக வழக்காடியது. ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் மாநில அரசும் விடாமல் நெருக்கிய பிறகே, ஏறக்குறைய 8 கோடி டன் சாம்பலைத் தோண்டியெடுக்க 2020 தொடக்கத்தில் உடன்பட்டது. அந்த ஆறு ஆண்டுகளும் நாற்காலியில் இருந்தவர் அவரே.

2015-இல் அமெரிக்க அரசு நிலக்கரிச் சாம்பலுக்கு விதி கொண்டுவந்தது. இயங்கிவந்த ஒவ்வொரு நிலக்கரி மின்நிலையமும் தன் சாம்பல் குளத்தைச் சுற்றிக் கிணறு தோண்டி, நிலத்தடி நீரைச் சோதித்து, முடிவை எல்லோரும் பார்க்கும் இடத்தில் வெளியிட வேண்டும். அந்த எண்கள் 2018-இல் வெளிவந்தன. தன்னார்வ அமைப்புகள் 265 நிலையங்களின் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது 91 சதவீத நிலையங்களில் நிலத்தடி நீர் கெட்டிருந்தது. தலைவர் ஆணா பெண்ணா என்ற பேச்சுக்கே வேலையில்லை. விதி கேட்டது, எண் வந்தது.

*

கலிபோர்னியாவில் பிஜி அண்ட் இ என்ற மின் நிறுவனம். கெய்ஷா வில்லியம்ஸ் 2017 மார்ச்சில் தலைவர். 2018 நவம்பர் 8 அன்று, ஏறக்குறைய நூறு வயதான கோபுரம் ஒன்றில் மின்கம்பியைத் தாங்கிய இரும்புக் கொக்கி தேய்ந்து அற்றது. பாரடைஸ் என்ற ஊரே எரிந்தது, 85 பேர் மாண்டார்கள். 2019 ஜனவரியில் வில்லியம்ஸ் பதவி விலகினார். பல்லாண்டுகளாகத் தேய்ந்த கொக்கி. அவர் பதவியில் இருந்தது இரண்டு ஆண்டுக்கும் குறைவு. கூரை இற்றுப்போன பிறகு வீட்டுச் சாவியைப் பெண்ணிடம் கொடுக்கும் வழக்கம் பெருநிறுவனங்களுக்கும் உண்டு.

*

எண்ணெய் நிறுவனமான எக்ஸானின் 2021 மே மாதப் பங்குதாரர் கூட்டம். வெறும் 0.02 சதவீதப் பங்கு வைத்திருந்த என்ஜின் நம்பர் 1 என்ற சின்ன நிதியம், நிர்வாகத்தை எதிர்த்து மூன்று இயக்குநர்களை உள்ளே கொண்டுவந்தது. அவர்களில் ஒருவர் பின்லாந்தின் கைசா ஹியெடாலா. நெஸ்டே என்ற எண்ணெய்க் கம்பெனியின் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் பிரிவை நடத்தியவர். தொழில் தெரிந்ததால் வந்தார். ஆனால் எக்ஸான் தான் விற்ற எண்ணெய் எரிந்து எழுப்பிய புகையின் கணக்கை முதன்முதலாக வெளியிட்டது அதே ஆண்டு ஜனவரியில், அவர் வருவதற்கு முன்பே. முதலீட்டாளர்களின் நெருக்குதல்தான் காரணம். குழுவில் அப்போதே வளிமண்டல அறிவியலாளர் சூசன் ஏவரி உட்படப் பெண்கள் இருந்தார்கள்.

*

நம் பிஆர்எஸ்ஆர் படிவத்துக்கு வருகிறேன். இதில் இரண்டு ஓட்டைகள். எண்ணெய்க் கம்பெனியின் புகையில் பெரும்பகுதி அது விற்ற பெட்ரோலும் டீசலும் எரியும்போது எழுவது. அந்தக் கணக்கு பிஆர்எஸ்ஆரில் விருப்பப் பகுதியில் இருக்கிறது, சொல்லாமலும் விடலாம்.

இரண்டாவது ஓட்டைதான் எனக்குப் பெரிது. எண்கள் பெரும்பாலும் கம்பெனி முழுமைக்கும் கூட்டிய தொகை. பத்து நிலையங்களின் சாம்பலை ஒரே வரியில் போட்டால் எந்த ஊர்க்காரருக்குத் தன் ஊர் தெரியும்? முதலீட்டாளருக்கு அந்த வரி போதும். அக்கம்பக்கத்தில் வாழ்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

எண்ணூரை எடுத்துக்கொள்ளுங்கள். வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பல், நீரில் கரைத்துக் குழாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றைத் தாண்டிச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய் உடைந்து கழிமுகத்தில் சாம்பல் படிந்த கதை பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. அந்த நீரில் ஓலைப் பறியைப் பல்லில் கவ்வியபடி, இரு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் உண்டு. சாம்பல் எத்தனை விரற்கடை ஏறியிருக்கிறது என்பதை அவர்கள் கை அறியும். அந்த நிலையமோ மாநில அரசின் மின் நிறுவனத்துடையது. பங்குச் சந்தையில் அந்த நிறுவனத்தின் பங்குகள் இல்லை. ஆகவே இந்தப் படிவமும் அதற்கு இல்லை.

இயக்குநர் குழுவில் பெண்கள் எத்தனை என்று எண்ணுவதோடு, இறால் பிடிக்கும் பெண்ணுக்கு அவள் ஆற்றின் கணக்கு கிடைக்கிறதா என்றும் கேட்க வேண்டும். செபி நிலையவாரியாக எண் கேட்கட்டும். அரசு மின்நிலையங்களுக்கும் அதே விதி வரட்டும்.

*

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்தலாம். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அனுமதி பெற்ற ஒவ்வொரு திட்டமும் நிபந்தனைகளை நிறைவேற்றியதா என்று ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1-க்கும் டிசம்பர் 1-க்கும், அறிக்கை தரவேண்டும். அது நிலையவாரியானது. அது பொது ஆவணமும்கூட. விண்ணப்பித்தால் அதிகாரிகள் யாருக்கும் பிரதி தரவேண்டும். உங்கள் ஊரருகே மின்நிலையமோ சுத்திகரிப்பு ஆலையோ இருந்தால், அந்த அறிக்கையை எழுதிக் கேளுங்கள்.