அடுப்படியில் ஓர் ஆயுதம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

போர்க்களத்து வாளைப் பாடிய புலவர் பலர். ஏரின் கொழுமுனையைப் போற்றியவரும் உண்டு. எழுதுகோலின் முனையைப் புகழாத மேடையே இல்லை. ஆனால், நாள்தோறும் நமக்குச் சோறு கிடைப்பதற்காகத் தேய்கின்ற ஒரு முனையைப் பற்றி எவரும் பேசக் காணோம். அதுதான் அடுப்படிக் கத்தி. காய் நறுக்கும்போது மட்டும் அதைத் தேடுகிறோம். விரலை அறுத்துக்கொண்டால் அதைத் திட்டுகிறோம். மற்ற நேரங்களில் அது எங்கே கிடக்கின்றது என்பதையே மறந்துவிடுகிறோம்.

"எழுதுவதற்கு உலகில் எத்தனையோ இருக்க, கத்திதானா கிடைத்தது?" என்று நண்பர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும். வகுப்பறையில் படித்த அழுத்தமும், ஆய்வுக்கூடத்தில் கண்ட நிறமாற்றமும் ஒரு கத்தி வாங்கப் போன இடத்தில் எனக்குத் துணை நின்றன. படிப்பு வீட்டுக்குப் பயன்படுமா என்று கேட்கும் எவருக்கும் நான் சொல்லக்கூடிய விடை இது.

சென்ற ஆண்டு வரை எங்கள் வீட்டில் இருந்தது அரிவாள்மனை ஒன்றுதான். அப்பத்தா காலத்தில் கொல்லர் பட்டறையில் அடித்து வாங்கியது. என் அம்மா இருபது பேருக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கட்டிக் கொடுக்கிறார். நாளொன்றுக்கு ஐந்து கிலோ காயாவது நறுக்கியாக வேண்டும். அவருக்கு முழங்கால் வலி முற்றியது. இனித் தரையில் குந்தக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காய் நறுக்காவிட்டால் சாப்பாடு இல்லை. சாப்பாடு இல்லாவிட்டால் எனக்குக் கல்லூரியும் இல்லை. நின்றுகொண்டு நறுக்க ஒரு கத்தி வேண்டும் என்று முடிவாயிற்று.

"நின்னுக்கிட்டுக் காய் நறுக்குறது எந்த ஊரு வழக்கம்?" என்றார் அப்பத்தா.

"நீதான காலேசுல படிக்கிற. நீயே பாத்து வாங்கிட்டு வா" என்று இருநூறு ரூபாயை என் கையில் வைத்தார் அம்மா.

எத்தனையோ தேர்வு எழுதியிருக்கிறேன். ஆனால் அம்மா எனக்கு வைத்த முதல் தேர்வு இதுவே.

கூர்மை என்பது யாது?

கூர்மை என்பது கத்திக்குள் ஒளிந்திருக்கும் பொருள் அன்று. நம் கையின் விசை மிகச் சிறிய பரப்பில் குவிவதே கூர்மை. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று படித்திருக்கிறோம். கணக்கிட்டுப் பார்ப்போம். கத்தியை 10 நியூட்டன் விசையுடன், அதாவது ஏறத்தாழ ஒரு கிலோ எடை வைத்தாற்போல் அழுத்துகிறோம். காயைத் தொடும் விளிம்பின் நீளம் 5 செ.மீ.; அதன் அகலம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அப்படியானால் காயின் மீது விழும் அழுத்தம் 2 கோடி பாஸ்கல். காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு!

அதே கத்தி மழுங்கி, விளிம்பின் அகலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று கொள்வோம். அழுத்தமும் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பழைய அழுத்தம் வேண்டுமானால் பத்துக் கிலோ எடை அளவுக்குக் கையை ஊன்ற வேண்டும். அவ்வளவு வேகத்தோடு ஊன்றிய கை, தக்காளித் தோலில் வழுக்கினால் எங்கே போய் நிற்கும்? கூர்மையான கத்தி ஆபத்து, மொட்டைக் கத்தி பத்திரம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது.

இரும்பின் கதை

கத்தி வாங்குமுன் எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி தாத்தாவிடம் போனேன். எங்கள் மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர். இவரும் அந்தத் தொழிலில் வளர்ந்தவர். லாரியின் பழைய வில் பட்டையை வாங்கி வெட்டி, காய்ச்சி, அடித்துக் கத்தியாக்குகிறார்.

"கம்பி இரும்புல கத்தி அடிச்சா கூர் நிக்காதும்மா. பட்டை இரும்புலதான் நிக்கும்" என்றார்.

ஏன் என்பதை நம் பாடநூல் சொல்கிறது. வேறுபாடு கரியில் இருக்கின்றது. கட்டுமானக் கம்பியில் கரியின் அளவு குறைவு. வில் பட்டையிலோ நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் கரி உண்டு. கரி போதிய அளவு உள்ள எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் அது கடினமாகிவிடும். கூடவே ஒரு குறையும் வரும்.

"தண்ணியில தோய்ச்சதும் கண்ணாடி மாதிரி ஆயிரும். கீழ விழுந்தா உடைஞ்சுரும். அதனால மறுபடி லேசாச் சூடு காட்டித் தணிக்கணும். வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்துரணும், நீலம் பாஞ்சா கத்தி போச்சு" என்றார் தாத்தா. வைக்கோல் நிறம் தோன்றுவது ஏறத்தாழ 200 முதல் 250 டிகிரி செல்சியசில். அவரிடம் வெப்பமானி இல்லை. கண்தான் அவருக்கு வெப்பமானி.

நம் நாட்டு உருக்கு உலகப் புகழ் பெற்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் பழங்கால இரும்பு உருக்கு உலைகள் வெளிப்பட்டன. 'ஊட்ஸ்' என்று மேனாட்டார் அழைத்த இந்திய எஃகை 1819-இல் ஆராய்ந்தவர் வேறு யாருமல்லர். மின்காந்தத் தூண்டலைக் கண்ட மைக்கேல் ஃபாரடே அவர்களே. அந்த ஆய்வுகளில் அவருடன் உழைத்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், இலண்டனில் கத்தி செய்பவர். ஓர் அறிவியல் மேதையும் ஒரு கத்திக்காரரும் ஒரே உலையின் முன் நின்றார்கள் என்பதை எண்ணும்போது, நம் ஆசாரி தாத்தாவையும் ஒருநாள் நம் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்தால் என்ன என்று தோன்றுகின்றது.

எவர்சில்வரா, இரும்பா?

இரும்புக் கத்தி மலிவு; எளிதில் தீட்டலாம்; கூர் நிற்கும். ஆனால் ஈரம் பட்டால் துருப் பிடிக்கும். புளி, எலுமிச்சை, மாங்காய் ஆகியவற்றின் அமிலம் அதை அரிக்கும். வாழைக்காயும் நெல்லிக்காயும் பட்டால் கத்தியும் காயும் கறுக்கும். இந்தக் கறுப்புக்குக் காரணம் நமக்குப் புதிதன்று. ஆய்வுக்கூடத்தில் பீனாலுக்கு ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் நிறம் தோன்றுகின்றதல்லவா? காயிலுள்ள துவர்ப்புப் பொருளும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. இரும்புடன் கூடிக் கருநிறம் தருகின்றது. கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே வினைதான். கறுத்த வாழைக்காய் நஞ்சன்று. ஆயினும், காசு கொடுத்துச் சாப்பாடு வாங்குபவரிடம் வேதியியல் பேச முடியுமா?

துருப்பிடிக்காத எஃகை 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் உருவாக்கியவர் ஹாரி பிரியர்லி. இரும்புடன் குரோமியம் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் சேரும்போது, குரோமியம் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படிந்து காக்கின்றது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் படலம் தானே வளர்ந்துவிடும்.

ஆனால் எவர்சில்வர் எல்லாம் ஒன்றல்ல. நாம் சோறு உண்ணும் தட்டில் பெரும்பாலும் நிக்கலும் கலந்திருக்கும். அவ்வகை உலோகத்தைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க இயலாது. கத்திக்கு உரியது கரியும் குரோமியமும் உள்ள வேறொரு வகை. இரண்டையும் பிரித்தறிய ஒரு காந்தம் போதும். கத்தி எஃகில் காந்தம் நன்றாக ஒட்டும். நிக்கல் கலந்த பாத்திர உலோகத்தில் ஒட்டாது, அல்லது மிக இலேசாகவே ஒட்டும். ஒட்டினால் மட்டும் அது நல்ல கத்தி என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் ஒட்டாததை வாங்காமல் விடலாம்.

பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்துடன் பாத்திரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டிய பளபளப்பான கத்தியில் காந்தம் ஒட்டவே இல்லை. "என்னம்மா, தங்கமா வாங்குற, உரசிப் பாக்குற?" என்று சிரித்தார். பிறகு அவரே நான்கு கத்திகளை எடுத்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார்.

வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். அலகின் வால் கைப்பிடிக்குள் கடைசிவரை ஓடுகின்றதா? ஆணிகள் அசையாமல் இருக்கின்றனவா? ஈரக் கையில் பிடி வழுக்குமா? நறுக்குபவரின் கைக்குக் கனம் பொருந்துமா? குடும்பத்துக்கு டசன் கத்திகள் தேவையில்லை. ஏழு அங்குல அலகுள்ள பெரிய கத்தி ஒன்று, தோல் சீவ மூன்றரை அங்குலச் சிறு கத்தி ஒன்று, மீனும் இறைச்சியும் வெட்டத் தனியே ஒன்று. இவை போதும். நான் முதல் இரண்டையும் வாங்கினேன். மீனுக்கு அரிவாள்மனை இருக்கவே இருக்கின்றது.

அம்மாவுக்குப் புதுக் கத்தி உடனே கைவரவில்லை. அரிவாள்மனையில் அலகு நிற்கும், காய் நகரும். இங்கே காய் நிற்கிறது, அலகு நகர்கிறது. காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கிக்கொள்ளப் பழக வேண்டும். பத்து நாளில் பழகிவிட்டார்.

எங்கே வைப்பது?

கத்தியின் ஆயுள் நறுக்குவதில் பாதி, வைப்பதில் பாதி. கருங்கல் மேடையில் வைத்து நறுக்கக் கூடாது. கருங்கல்லிலுள்ள குவார்ட்சின் கடினம் மோ அளவையில் 7. கத்தி எஃகைவிட அதிகம். கத்திதான் மழுங்கும். மரப்பலகையே ஏற்றது. கறிக்கடைகளில் புளியங்கட்டையை வைத்திருப்பது சும்மா அல்ல.

வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். சோப்பு நுரை நிறைந்த தொட்டியில் கத்தியைப் போட்டு வைப்பது பெருந்தவறு. தெரியாமல் கைவிடுபவர் விரல் அறுபடும். உப்பு நீரில் வெகுநேரம் கிடந்தால் எவர்சில்வர் கத்தியும் புள்ளி புள்ளியாக அரிக்கப்படும். இரும்புக் கத்திக்குத் துடைத்தபின் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் காற்றும் ஈரமும் அணுகா. துருப் பிடித்துவிட்டால் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்து, கழுவி, உடனே உலர்த்த வேண்டும்.

கரண்டிகளோடு கலந்து போட்டால் கூர் கெடும், கையும் கெடும். எங்கள் வீட்டில் இரண்டு மரச்சட்டங்களைக் கால் அங்குல இடைவெளி விட்டுச் சுவரில் ஐந்தடி உயரத்தில் அறைந்திருக்கிறோம். அலகு இடைவெளிக்குள் இறங்கி நிற்கும். பிடி மட்டும் மேலே தெரியும். செலவு ஆணிக்காசு மட்டுமே. குழந்தை கைக்கு எட்டாது, காற்றோட்டமும் உண்டு. அரிவாள்மனையை அப்பத்தா எப்போதும் போல் அலகைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்க வைக்கிறார். கத்தியைக் கையில் கொடுக்காதே, கீழே வை, எடுத்துக்கொள்கிறேன் என்று பெரியவர்கள் சொல்வதைச் சகுனம் என்று தள்ளுகிறோம். சகுனமோ இல்லையோ, நல்ல பாதுகாப்பு விதி அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் சில வீடுகளில் அரிவாளை எரவாணத்தில் செருகியிருப்பார்கள். பொழுது சாய்ந்ததும் அந்த வீட்டுப் பெண்கள் அதை உருவி எடுத்து, விறகுக்கு அடியிலோ குதிருக்குப் பின்னாலோ மறைப்பதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். "திருடனுக்குப் பயந்தாடி?" என்று கேட்டால் சிரிப்பார்கள். வெளியிலிருந்து வரும் திருடனுக்கு அல்ல, குடித்துவிட்டு வீடு திரும்பும் கோபத்துக்குத்தான் அஞ்சினார்கள் என்பது வளர்ந்த பிறகு புரிந்தது. கத்தி வைக்கும் இடம் குழந்தைக்கு எட்டாமல் இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வர். சில வீடுகளில் அது கோபத்துக்கும் எட்டாமல் இருக்க வேண்டியிருக்கின்றது. இதற்கு மரச்சட்டமும் ஆணியும் போதா. படித்து வெளியேறும் நாம் அமைக்கப்போகும் வீடுகளிலாவது, இரவில் கத்தியை மறைக்க வேண்டிய நிலை எந்தப் பெண்ணுக்கும் வரலாகாது.

முடிவாக ஒரு வேண்டுகோள். தேய்ந்து உடைந்த கத்தியைக் குப்பையில் அப்படியே எறியாதீர்கள். அந்தக் குப்பையைக் கையால் பிரிக்கும் தொழிலாளர் இருக்கிறார்கள். தடித்த அட்டையில் சுற்றி, கயிறு கட்டி, தனியே கொடுங்கள். பழைய இரும்புக்கடையில் போட்டால் இன்னும் நல்லது. அது மீண்டும் உலை ஏறும். மழுங்கிய கத்தியானால், தெருவில் சாணை பிடிப்பவர் குரல் கேட்கும்போது அவரை நிறுத்துங்கள். அலகு நீலம் பாயாமல், இடையிடையே தண்ணீர் தொட்டுத் தீட்டச் சொல்லுங்கள். அவரும் பிழைப்பார், கத்தியும் பிழைக்கும், நறுக்குபவரின் கையும் பிழைக்கும்.