ஐந்து படிகள்

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றித் தம் சிறு நூலை எழுதியபோது அவர் முன் இருந்த சான்றுகள் ஆறே பேர். அவர்களிலும் சிலரைத் தெருவில் கண்டதோடு சரி. நோய் மெல்ல முற்றுவதை அவர் கதைபோல் சொல்லிச் சென்றாரே தவிர, எண்ணிட்டுப் பிரிக்கவில்லை. எண்கள் வர 150 ஆண்டுகள் ஆயின. 1967இல் நியூயார்க் கொலம்பியா மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்த மார்கரெட் ஹோன், மெல்வின் யார் இருவரும் ஐந்து நிலைகளை வகுத்தனர். அப்பாவின் மருத்துவச் சீட்டில் உள்ள '3' அந்த அளவுகோலின்படி எழுதப்பட்டது.

முதல் நிலையில் நோய் உடலின் ஒரு பக்கத்தோடு நிற்கிறது. இரண்டில் மறுபக்கத்துக்கும் பரவுகிறது. மூன்றில் சமநிலை குலையத் தொடங்குகிறது, எனினும் தம் வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்ளலாம். நான்கில் துணையின்றி நிற்கவும் நடக்கவும் முடியும், அவ்வளவே. ஐந்து, சக்கர நாற்காலி அல்லது படுக்கை.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலுள்ள கோட்டை ஓர் எளிய சோதனை தீர்மானிக்கிறது. மருத்துவர் பின்னால் நின்று, முன்கூட்டியே சொல்லிவிட்டு, தோள்களைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறார். ஓரிரு அடி பின்வைத்துச் சமாளித்துக்கொண்டால் கவலையில்லை. அப்பா நிற்காமல் பின்னுக்கே போனார், மருத்துவர் தாங்கிக்கொண்டார். நாங்கள் மூவரும் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் அந்த எண்ணுக்கு ஒரே பொருள்தான்: மாடிப்படி. அவருடைய புத்தகங்கள் மாடியறையில் இருக்கின்றன. அலமாரியைக் கீழே இறக்கிவிடலாம் என்றாள் எங்களில் இளையவள். "அது கீழே வந்துட்டா நான் மேலே போகவே வேண்டாம்னு ஆயிடும்மா" என்றார் அப்பா. அந்தக் குரலும் இப்போதெல்லாம் அருகில் போனால்தான் கேட்கிறது.

குரல் தணிவதற்கும், கையெழுத்து எறும்பளவாகச் சிறுப்பதற்கும் ஐந்து நிலைகளில் இடமில்லை. 1987இல் வந்து 2008இல் திருத்தப்பட்ட விரிவான மதிப்பீட்டு முறை அவற்றைக் கேட்கிறது. உறக்கத்தையும் மனச்சோர்வையும்கூடக் கேட்கிறது. எங்களை உலுக்கியது வேறொரு கணக்கு. 2003இல் ஜெர்மனியின் ஹைக்கோ பிராக் குழுவினர், இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்து ஆறு நிலைகளைச் சொன்னார்கள். அதன்படி நோய் தொடங்குவது மூளைத்தண்டின் அடியிலும் மணமறியும் பகுதியிலும். அசைவோடு தொடர்புடைய கரும்பொருளை அது எட்டுவது மூன்றாம் நிலையில்தான். (எல்லா நோயாளிகளுக்கும் இவ்வரிசை பொருந்துவதில்லை.) காப்பியில் மணமே இல்லை என்று அப்பா குறைபட்டது கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பு. அம்மா காப்பித்தூள் கடையை மாற்றிப் பார்த்தார்.

இன்னொன்று. அந்த ஐந்து நிலைகளும் லெவோடோபா மாத்திரை பரவலாவதற்கு முந்தையவை. இன்று அப்பா ஒரே நாளில் இரண்டு நிலைகளில் வாழ்கிறார். மாத்திரை வேலை செய்யும்போது நடை இரண்டாம் நிலைக்குரியது; அதன் வீரியம் தீர்கையில் வாசற்படி முன் பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன. எந்த நேரத்து எண் என்று சொல்லாத எண்ணால் பயனில்லை என்றார் மருத்துவர்.

ஆகவே ஒரு நோட்டில் நேரம் குறிக்கிறோம். எட்டு மணி மாத்திரைக்குப் பின், ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை நல்ல பொழுது. அப்போது மாடியேறுகிறார். இருபுறமும் கைப்பிடிக் கம்பி பொருத்தியாயிற்று. எங்களில் ஒருவர் ஒரு படி பின்னால். பதினொரு மணிக்கு இறங்கிவிட வேண்டும் என்பது உடன்பாடு. நேற்று அழைக்கப் போனபோது, இன்னும் நான்கு பக்கம் இருக்கிறது என்றார்.