உடையக்கூடிய மணிகள்

மைன்கிராஃப்ட் விளையாட்டில் 2020இல் சேர்க்கப்பட்ட நெதரைட், வைரத்தினும் உறுதியானது. அதன் தாதுவைப் பாதாள உலகில் வைரக் குந்தாலியால் தோண்டி, உலையிலிட வேண்டும். நான்கு துண்டுகளோடு நான்கு தங்கக் கட்டிகள் சேர்ந்தால் ஒரு நெதரைட் கட்டி. கோவையில் நாங்கள் இதைத் தேடியே பல இரவுகளைக் கரைத்திருக்கிறோம். கிடைத்துவிட்டால் செய்முறை ஒருபோதும் பொய்ப்பதில்லை.

எங்கள் நொய்யல் கரையிலேயே வேறொரு பட்டறை இருந்தது: கொடுமணல். காங்கயத்தை அடுத்த படியூரின் பெரில் கல் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே மணியாயிற்று. அகழாய்வில் முழுமையான மணிகளோடு, பாதி வேலையில் நின்றுபோனவையும் கிடைத்தன. அரிய கல் கைக்கு வந்த பிறகுதான் அக்கைவினைஞருக்கு அச்சம் தொடங்கியிருக்கும். துளையிடுகையில் விண்டால் அத்தனை உழைப்பும் வீண். விளையாட்டு எங்களுக்குத் தேடலைத் தருகிறது. அந்த அச்சத்தைத் தருவதில்லை.