கொட்டகையும் வேடப்பெட்டியும்

1993-ல் வெளிவந்த 'டூம்' என்னும் கணினி விளையாட்டின் மூலநிரலை ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தார் 1997-ல் வெளியிட்டனர். 1999-ல் அதையே க்னூ பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தனர். எவரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அரக்க உருவங்களும் சுவர்ச் சித்திரங்களும் ஒலிகளும் அடங்கிய கோப்பு அக்கொடையில் சேரவில்லை. கூத்துக் கொட்டகையைத் தானம் செய்துவிட்டு வேடப்பெட்டியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். பின்னர் ஆர்வலர்கள் கூடி, 'ஃப்ரீடூம்' என்ற பெயரில் வேறு வேடங்களைச் செய்து தந்தனர்.

இதைக் கஞ்சத்தனம் என்னும் நண்பர்கள் எனக்குண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் கல்லூரியில் கணினித் துறை மாணவர் இருவர் ஐந்திணையைப் பயிற்றுவிக்கும் சிறு விளையாட்டொன்றைச் செய்தனர். நிரல் முழுவதும் க்னூ உரிமத்தில். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் பன்னிரண்டு சித்திரங்கள் வரைந்தளித்தார், காசு வாங்கவில்லை. விற்கக் கூடாது, கோட்டை மாற்றக் கூடாது என்பவை மட்டுமே நிபந்தனைகள். "நெய்தல் பொண்ணுக்கு எவனாவது மீசை வரைஞ்சிட்டா, அதையும் நான் போட்டதுன்னுதானேம்மா சொல்லுவாங்க?" என்றார்.

மாணவர்களுக்கு இது முட்டுக்கட்டையாகப் பட்டது. க்னூ உரிமத்தின் உயிரே திருத்தும் உரிமையில்தான் இருக்கிறது. இப்படங்களையும் உள்ளடக்கி, எல்லாமே கட்டற்றது என்று பெயரிட்டால் அது பொய். டெபியன் இயங்குதளத்தைத் தொகுப்பவர்கள் இதில் வெகு கறார். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் நிரல் கட்டற்றது, நரிச் சின்னம் அப்படியன்று என்பதால் சின்னத்தை விலக்கினர். சின்னமின்றிப் பெயர் மட்டும் கூடாது என்றது மொசில்லா. 2006-ல் உலாவிக்கு 'ஐஸ்வீசல்' என்று மறுபெயர் சூட்டினர். 2016-ல்தான் பழைய பெயர் திரும்பியது. ஒரு சிறு படத்துக்கா இத்தனை என்று சிரிக்கலாம். அந்தக் கறாரில் ஒரு நேர்மை இருக்கிறது.

படங்களைத் தனிக் கோப்புறையில், தனி உரிமக் குறிப்போடு வையுங்கள் என்றேன். நிரல் தேவைப்படும்போது அவற்றை அழைத்துக்கொள்ளட்டும். தனித்தனிப் படைப்புகள் அருகருகே இருப்பதை அவ்வுரிமம் தடுப்பதில்லை. மூலமும் உரையும் ஒரே நூலில் வாழ்வது நமக்குப் பழக்கந்தானே? உரைகாரர் மூலத்தில் கைவைத்தால்தான் சண்டைக்குப் போகிறோம்.

இருவரில் ஒருவன் மட்டும் சமாதானமாகவில்லை. "விற்கக் கூடாத படம் இருந்தால் டெபியனின் முதன்மைத் தொகுப்பில் சேர்க்க மாட்டார்களே, அம்மா" என்றான். உண்மைதான். எனவே வட்டங்களையும் கோடுகளையும் கொண்டு ஐந்து நிலங்களையும் தானே வரையத் தொடங்கியிருக்கிறான். குறிஞ்சி மலை இப்போதைக்கு இட்லியைப் போல இருக்கிறது.