வாங்குபவனின் நாவு



விலை பேசும்போது நம்முடைய நாவு என்ன செய்கிறது என்பதை எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? ஒரு பழைய கார் வாங்கப் போன இடத்தில் நான் அதைக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று.

பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமச் சபைகளுக்கு இருபது ஆண்டுகளாக இருசக்கர வாகனத்திலேயே சென்றுவந்தேன். முதுகுவலி மிகுந்து, இனி அது கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேலூரில் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் முதியவர்களைப் பேருந்தில் ஏற்றி அழைத்துவருவதும் மனதை வருத்தியது. என் மனைவியின் சீட்டுப் பணத்தையும் சேர்த்துக் கையில் 75,000 ரூபாய் இருந்தது. அந்தத் தொகைக்கு ஏற்றது பழைய மாருதி 800 தான். 1983-இல் வெளிவந்து, 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. ஆயினும் அதைப் பழுதுபார்க்கத் தெரியாத மெக்கானிக் நம் ஊர்களில் இல்லை.

ஆம்பூரில் ஒரு பெரியவர் தம் வண்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, தெரிந்த மெக்கானிக் ஒருவருடன் விடியற்காலையிலேயே போனேன். இரவெல்லாம் நின்று குளிர்ந்த எஞ்சினை முடுக்கிப் பார்க்க வேண்டும், புகை நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள் என்பது மெக்கானிக்கின் அறிவுரை.

ஆனால் நாங்கள் குறை தேடுமுன்பே பெரியவர் காட்டத் தொடங்கிவிட்டார். காலடி விரிப்பைத் தூக்கித் துருவைக் காட்டினார். இடப்புறக் கதவு இடிபட்டு, மறுபடி பெயின்ட் அடித்தது என்றார். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண்ணைப் படிக்கச் சொன்னார். அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்; அந்த டயர்களுக்கு ஏழு வயது. வண்டி 2010-இல் பதிவானது. தனிப்பயன் காரின் பதிவு 15 ஆண்டுகளே செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணம் என்பதையும் அவரே நினைவூட்டினார்.

தோல் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் தரம் பிரித்தவர் அவர். உண்ணி கடித்த தழும்பும் கத்தி பட்ட வெட்டும் உள்ள தோலுக்குக் கனமாகப் பூச்சுக் கொடுத்துவிட்டால் குறை மறைந்துபோகும். “பூச்சுக்குக் கீழே என்ன இருக்குன்னு பார்க்கிறதுதான் ஐயா என் வேலையே. நானே மறைச்சு வித்தா எப்படி?” என்றார்.

70,000 ரூபாய் கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் காட்டிய குறைகளையே ஒவ்வொன்றாக எடுத்து அவருக்கு எதிராகப் பேசினேன். துருவைப் பெரிதாக்கினேன், கதவைப் பழித்தேன். எஞ்சின் அருமையாக இருக்கிறது என்று மெக்கானிக் என் காதில் சொன்னதை மட்டும் வெளியே சொல்லவில்லை. அவருக்குப் பணம் அவசரம் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. 55,000 ரூபாய்க்கு முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், “நல்ல வண்டி, பதினைந்தாயிரம் குறைத்துவிட்டேன்” என்றேன். அன்றிரவே நீதிமொழிகள் 20:14 என்னைப் பிடித்துக்கொண்டது. வாங்கும்வரை பொருளைப் பழித்துவிட்டு, வாங்கிச் சென்றபின் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளும் மனிதனை அந்த வசனம் காட்டுகிறது. அளவுகோலையும் நிறைகல்லையும் பற்றிய லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை இதுவரை விற்பவர்களுக்கென்றே பிரசங்கித்திருக்கிறேன். வாங்குபவனிடமும் ஒரு தராசு உண்டு. அது அவனுடைய நாவு.

விலை பேசுவது பாவமன்று. டயருக்கும் துருவுக்கும் உண்மையாகக் கணக்கிட்டால் பத்தாயிரம் குறைத்திருக்கலாம். மீதி ஐந்தாயிரம் அவருடைய நேர்மையிலிருந்து நான் திருடியது. அவர் மறைத்திருந்தால் நான் முழு விலையையும் கொடுத்திருப்பேனே!

மூன்றாம் நாள் ஐந்தாயிரம் ரூபாயுடன் ஆம்பூருக்குப் போனேன். அவர் மறுப்பார், நான் வற்புறுத்துவேன் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை. நோட்டுகளை எண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “சரிங்க ஐயா” என்றார். அது அன்பளிப்பன்று, தமக்குரிய பணம் என்பதை அவர் என்னைவிடத் தெளிவாக அறிந்திருந்தார். பிறகு, “பேர் மாத்தியாச்சுங்களா?” என்று கேட்டார்.

அவர் கையொப்பமிட்ட படிவம் 29-உம் 30-உம் என் பையிலேயே கிடந்தன. பெயர் மாற்றத்தை வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். வண்டி கைமாறியிருந்தாலும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால், என் சோம்பலின் பாரத்தையும் அந்தப் பெரியவரே அல்லவா சுமந்திருப்பார்? மறுநாளே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் சென்றேன்.

பிரியமானவர்களே, இந்த வாரம் நீங்களும் எதையாவது விலை பேசுவீர்கள். வண்டியாக இருக்கலாம், வாசலுக்கு வரும் ஒரு கட்டுக் கீரையாகவும் இருக்கலாம். பணம் குறைவாக இருந்தால், “என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது” என்று சொல்லுங்கள். அது உண்மை, அதில் வெட்கமில்லை. பொருளில் இல்லாத குறையை மட்டும் சொல்லாதிருங்கள். எதிரில் நிற்பவர் தம் குறையை மறைக்காமல் காட்டினால், அந்த உண்மைக்கும் ஒரு விலை உண்டென்று நினைவுகூருங்கள்.

கர்த்தர் நம்முடைய நாவைக் காத்துக்கொள்வாராக. ஆமென்.