ஒரு நூல் இடைவெளி

உப்பை வெயிலும் கடலும் சேர்ந்து விளைவிக்கின்றன என்று பள்ளிக்கூடப் புஸ்தகத்தில் படித்திருக்கிறோம். மரக்காணத்து உப்பளக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். மூன்றாவதாக ஓர் ஆசாமி உண்டு. கீற்றுக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, புகை கக்கிக்கொண்டு பகலெல்லாம் 'டப டப'வென்று அடித்துக்கொள்கிற எண்ணெய் எஞ்ஜின்தான் அது. அது நின்றால் வெயிலும் கடலும் என்ன செய்துவிட முடியும்?

பக்கிங்ஹாம் கால்வாய் வந்து முடிகிற ஊர் மரக்காணம். ஒரு காலத்தில் இங்கிருந்து உப்பு படகேறிச் சென்னைக்குப் போயிற்று. இன்று லாரியில் போகிறது. ஆனால் பாத்திகளின் கணக்கு மாறவில்லை. கடல் நீர் ஏறக்குறைய 3 டிகிரி. கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு இதைப் பார்க்கிறார்கள். வெயிலில் சுண்டிச் சுண்டி 25 டிகிரிக்கு வந்ததும் உப்பு பூக்கிறது. அப்படியே விட்டுவிட்டால் 29, 30 என்று ஏறி, மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து, கசக்கிற, நசநசக்கிற சரக்காகிவிடும். ஆகையால் பாத்திக்கு வேளாவேளைக்குப் புது நீர் காட்ட வேண்டும், கைக்குழந்தைக்குப் பால் காட்டுவது போல.

சித்திரை மாதத்தில், விளைச்சல் உச்சத்தில் இருக்கும்போது, என் சிநேகிதர் ஒருவருடைய அளத்தில் எஞ்ஜின் மண்டையைப் போட்டது. மனிதர் குத்தகைக்காரர், பாதிப் பணம் கடன். அவசர அவசரமாக எங்கேயோ பழைய எஞ்ஜின் ஒன்றை வாங்கி வந்து இறக்கினார். பம்பு பழையதுதான். இரண்டையும் சேர்க்கிற கப்ளிங்கைப் பூட்டப் போனால், துளைகள் ஒரு நூல் அளவு தள்ளி நின்றன!

"ராவி விடப்பா, போல்ட்டு போய்விடும்" என்றார் சிநேகிதர். கூட நின்றவர்களும் அதையே சொன்னார்கள்.

மெக்கானிக் மட்டும் அரத்தைத் தொடவில்லை. அறுபதைத் தாண்டிய மனிதர். இருபது வருஷம் குவைத்தில் அமெரிக்கக் கார்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவர். "துளையை நீளமாக்கினால் போல்ட்டு போகும் ஐயா, மையம் போய்விடும். நிமிஷத்துக்கு 1500 சுற்று. முதலில் ரப்பர் புஷ் தேயும், அப்புறம் பம்பு பேரிங் போகும். அன்றைக்கு என்னைக் கூப்பிடுவீங்க" என்றார். கப்ளிங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு புதுச்சேரிப் பஸ் ஏறிவிட்டார், லேத்துப் பட்டறையைத் தேடி.

இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் சிநேகிதர் கண்ணாடிக் குழலும் கையுமாகப் பாத்தி வரப்பிலேயே நடந்தார். முதல் நாள் மாலை 27. மறுநாள் 28. பலகையும் கூடையுமாக வந்த பெண்கள் வேலையில்லாமல் நிழலில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தார்கள். அன்று கூலி இல்லையென்றால் அவர்கள் வீட்டிலும் உலை இல்லை.

மெக்கானிக் புதிய கப்ளிங்குடன் திரும்பினார். எஞ்ஜின் காலடியில் மெல்லிய தகடுகளைச் செருகி, இரும்பு ஸ்கேலை வைத்து வைத்துப் பார்த்து, இரு பாதிகளையும் நேராக்கினார். பிறகு ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் சிறு சந்து விட்டுப் பூட்டினார். "ஏன் இந்தச் சந்து?" என்று கேட்டேன். கேட்கக் காத்திருந்தவர் போலச் சொன்னார்.

"ஆட்டோமாட்டிக் காரில் கிளச் கிடையாது ஸார். எஞ்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் எண்ணெய் நிரம்பிய ஒரு குடம், டார்க் கன்வர்ட்டர். அதை எஞ்ஜினோடு பிணைப்பது ஃப்ளெக்ஸ் பிளேட் என்கிற மெல்லிய இரும்புத் தட்டு. ஓடும்போது குடம் உப்பும். தட்டு வளைந்து கொடுக்கும். எஞ்ஜினை மாற்றினால் நாலு பொருத்தம் பார்க்கணும். போல்ட்டு வட்டம், நடுக்குமிழ் உட்காரும் குழி, ஸ்டார்ட்டருக்கு ஏற்ற பல், எடைச் சமன். எல்லாம் சரியாக இருந்தாலும், குடத்தைப் பெட்டிக்குள் முழுக்கத் தள்ளிப் பார்த்தால் தட்டுக்கும் அதற்கும் ஒரு நூல், ஒன்றரை நூல் இடைவெளி இருக்கணும். அப்புறந்தான் முன்னால் இழுத்து முடுக்கணும். இடைவெளியே இல்லாமல் முடுக்கினால் உள்ளேயிருக்கிற எண்ணெய் பம்பு நொறுங்கும். அதிகமானாலோ, பிடிப்பு போதாமல் போகும்."

இந்தக் குடத்துக்கு மூலமும் கடல்தான். 1905-இல் ஜெர்மானியரான ஹெர்மன் ஃபாட்டிங்கர் கப்பலுக்காக இந்த ஏற்பாட்டுக்குப் பேட்டண்ட் எடுத்தார். வேகமாகச் சுழலும் டர்பைனையும் நிதானமாகச் சுழல வேண்டிய விசிறியையும் திரவத்தை நடுவில் வைத்துச் சமாதானம் செய்தார். 1948-இல் அமெரிக்காவில் பியூக் கார்களுக்கு அது வந்தது. அங்கே கற்ற பாடம் ஓர் ஆளின் கையோடு மரக்காணத்துக் கொட்டகைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. படிப்பு எந்த வழியாகவெல்லாம் ஊர் வருகிறது, பாருங்கள்!

எஞ்ஜின் கிளம்பியது. நீர் வாய்க்காலில் ஓடிப் பாத்திக்குள் புகுந்தபோது குழல் இருபத்தெட்டரை காட்டிற்று. சிநேகிதர் ஒன்றும் பேசவில்லை. பெண்களைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார். அவர்கள் பலகையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

மெக்கானிக் கூலியை எண்ணி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பெயிண்ட் டப்பாவைக் கேட்டு வாங்கி, எஞ்ஜின் மேடைச் சுவரில் துளை எத்தனை, வட்டம் எவ்வளவு, சந்து எவ்வளவு என்று நிதானமாக எழுதினார்.

"அடுத்த தடவை நான் இருக்கிறேனோ இல்லையோ" என்றார். "வருகிறவன் அரத்தை எடுக்காமல் இருக்கணும்."